வெறுங்கையால் இரண்டு தட்டு

ஜனவரி 6, 2003 — திங்கள்

மூன்று ராஜாக்கள் திருநாள். தொழிற்சாலையில் இந்த வருஷத்தின் முதல் ராஜா கேக் வெட்டினோம். உள்ளே ஒளித்து வைக்கிற பிளாஸ்டிக் குழந்தை யார் துண்டில் வருகிறதோ அவர்தான் அடுத்த கேக் வாங்க வேண்டும். தரை பெருக்குகிற மிஸ் ஆக்டேவியாவுக்கு வந்தது. தெரியாமல் கடித்துவிட்டு, "இருக்கிற பல்லையும் பிடுங்கத்தான் இந்தக் கேக்கா?" என்று கத்தினார். கிளோவிஸ் சிரித்துச் சிரித்துக் காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டான். பதினாறு வருஷமாக டேங்க் மேல் நுரை ஊதுகிற வேலையில் எனக்குக் கூட்டாளி. ஒரு காபியை ஒழுங்காகக் குடிக்கத் தெரியாது.

வீட்டுக்கு வந்து சிவப்பு பீன்ஸ் வேகவைத்தேன். திங்கட்கிழமை என்றால் அதுதான். என் புருஷன் நோலன் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது, இன்னமும் நாலு பேருக்கு வைக்கிறேன். மிச்சத்தை உறைபெட்டியில் போட்டேன். அது முழுக்கத் திங்கட்கிழமைகளாக இருக்கிறது.

ஜனவரி 16 — வியாழன்

விண்வெளி ஓடம் கிளம்பி மேலே ஏறியது. வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் டிவி முன்னால் நின்றோம். உலகமே வெள்ளை ஓடத்தைப் பார்க்கும். நாங்கள் அதன் வயிற்றோடு ஒட்டிப் போகிற ஆரஞ்சு எரிபொருள் டேங்கைப் பார்ப்போம். எட்டரை நிமிஷத்தில் கழன்று கடலில் விழப்போகிறது, அதற்காக இரண்டு வருஷ உழைப்பு. டேங்கின் மேல்தோல் நுரை. பெரும்பாலும் இயந்திரம்தான் ஊதும். ஓடத்தின் மூக்கை டேங்கோடு பிணைக்கிற இரண்டு கால்களைச் சுற்றி மட்டும் ஆள்தான் ஊத வேண்டும், இறுகிய பிறகு கத்தியால் சரிவாகச் சீவ வேண்டும். இந்த டேங்கில் இடப்பக்கச் சரிவு என்னுடையது.

"உன் புள்ள எப்படி ஜோரா போறா பாரு ஏர்லீன்" என்றான் கிளோவிஸ்.

பெருமையாக இருந்தது. எழுதி வைத்துக்கொள்கிறேன்.

ஜனவரி 17 — வெள்ளி

ஏறும்போது நுரைத் துண்டு ஒன்று கழன்று ஓடத்தின் மேல் பட்டதாம். படத்தில் தெரிகிறதாம். "எப்பவும் விழறதுதானே" என்றார் மேற்பார்வையாளர் ஃபெரல். எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை.

ஜனவரி 31 — வெள்ளி

இந்தத் தடவை கேக்கில் குழந்தை எனக்கு வந்தது. திங்கட்கிழமைக்கு நான் கேக் வாங்க வேண்டும். பீகான் பருப்பு வைத்தது வேண்டும் என்று கிளோவிஸ் மிரட்டியிருக்கிறான்.

பிப்ரவரி 1 — சனி

ஓடம் திரும்பி வரவில்லை.

காலை எட்டு மணி சுமாருக்கு ராய்ஸ் கூப்பிட்டான். தம்பி சாதாரணமாகப் படகிலிருந்து கூப்பிட்டால் இறால் விலையில் தொடங்கி அரசாங்கத்தைத் திட்டி முடிக்க அரை மணி ஆகும். இன்று, "அக்கா, டிவி போடு" என்று மட்டும் சொன்னான். போட்டேன். டெக்சஸ் வானத்தில் வெள்ளைக் கோடுகள். ஒன்று இரண்டாக, இரண்டு ஐந்தாக. ராய்ஸ் ஃபோனை வைக்கவே இல்லை. நானும் வைக்கவில்லை. இரண்டு பேரும் மூச்சு விடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஏழு பேர்.

பிப்ரவரி 2 — ஞாயிறு

கோயிலில் ஏழு பெயரையும் வாசித்தார்கள். நான் பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

டிவியில் ஒருவர் கையில் நுரைத் துண்டை வைத்துக்கொண்டு பேசுகிறார். இடது இறக்கையில் பட்டது என்கிறார். இடது. என்னோட இடப்பக்கம். கடவுளே, என்னோடதா?

பிப்ரவரி 3 — திங்கள்

கேக்கை என்ன செய்வதென்று தெரியாமல் எடுத்துப் போனேன். யாரும் வெட்டவில்லை.

பத்து மணிக்கு ஃபெரல் எல்லோரையும் கூட்டினார். கூட இரண்டு வக்கீல்கள். அந்த டேங்கைப் பற்றி ஒருவருக்கொருவர் பேசக் கூடாது. வீட்டில் பேசக் கூடாது. பத்திரிகைக்காரர்களிடம் பேசவே கூடாது. எதையும் எழுதியும் வைக்க வேண்டாமாம். எழுதுகிறேன். வந்து பிடித்துக்கொண்டு போகட்டும்.

வேலைத்தாள்கள் இருந்த அலமாரிக்கு அரக்கு வைத்து முத்திரையிட்டார்கள். மதியம் கிளோவிஸ் என் எதிரில் உட்காரவில்லை. ஒரு மேஜை தள்ளி, முதுகு காட்டி உட்கார்ந்து சாப்பிட்டான். பேசக் கூடாது என்றால் பார்க்கவும் கூடாதா?

சாயங்காலம் மிஸ் ஆக்டேவியா கேக் பெட்டியை என் வண்டி வரை தூக்கி வந்து வைத்துவிட்டு, தோளைத் தொட்டுவிட்டுப் போனார். வக்கீல் பேச்சைத்தான் தடுத்திருக்கிறார்.

பிப்ரவரி 9 — ஞாயிறு

ராய்ஸ் நூலகத்தில் அச்செடுத்த காகிதங்களோடு வந்தான். சமையல் மேஜையில் பரப்பினான்.

"இதைப் பாரு. கலிபோர்னியாவுல ஒருத்தன் எடுத்த படம். ஓடத்துக்குப் பின்னாடி ஊதா நிறத்துல ஒரு கோடு, நெளிஞ்சு நெளிஞ்சு வருதா? அது என்னாங்கற?"

"கேமரா ஆடியிருக்கும்."

"ஆடிச்சாம். இவ ஒருத்தி. அக்கா, மேலேர்ந்து சுட்டிருக்கானுங்க. கதிர் ஆயுதம். வேற நாட்டுக்காரனா இருக்கலாம், நம்ம ஆளுங்களே சோதிச்சுப் பார்த்ததா இருக்கலாம். அதை மறைக்கணும்ல? உடனே பழியைத் தூக்கி நுரை மேல போட்டாச்சு. நுரை! ஐஸ் பெட்டில போடற சமாச்சாரம். நான் படகுல பியர் வெச்சிருக்கேனே, அதே தான். அது போய் இறக்கையை உடைக்குமா? கடுகளவு புத்தி இருக்கறவன் நம்புவானா?"

"அது போற வேகத்துக்கு உடைக்கும்டா."

"நீ சும்மா இரு. உனக்கு ஒண்ணும் தெரியாது."

இருபத்திரண்டு வருஷம் அதை ஊதியிருக்கிறேன், எனக்கு ஒன்றும் தெரியாதாம். ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: அவன் போன பிறகு அந்த ஊதாக் கோட்டையே ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இருந்துவிட்டுப் போகட்டுமே என்று ஆசையாக இருந்தது. யாரோ சுட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! எவ்வளவு கேவலமான ஆசை இது.

பிப்ரவரி 15 — சனி

நினைவில் இருப்பதை எழுதிவிடுகிறேன்.

அந்தச் சரிவை ஊதினது மூன்று வருஷத்துக்கு முந்தைய நவம்பர். கிளோவிஸ் அந்த வாரம் இல்லை, அவன் அம்மா செத்து ஓபலூசஸ் போயிருந்தான். வேறு ஷிஃப்டிலிருந்து ஒருவன் என்னோடு நின்றான், வேலையை விட்டே போய்விட்டான், பெயர்கூட மறந்துவிட்டது. குளிரும் ஈரப்பதமும் அளவுக்குள் இருந்தன. அடுக்குக்கு அடுக்கு நேரம் பார்த்துத்தான் ஊதினேன். சீவினேன். சோதனைக்காரர் பார்த்தார், அவர் முத்திரையைக் குத்தினார். நான் என் முத்திரையைக் குத்தினேன், 417. எல்லாம் தாளில் இருக்கிறபடி.

தாளில் இல்லாத ஒன்று உண்டு.

எங்கள் பட்டறையில் அதைத் தூங்க வைப்பது என்போம். எல்லா முத்திரையும் விழுந்த பிறகு, ஊதினவர் கையுறையைக் கழற்றி, வெறுங்கையால் நுரையை இரண்டு தட்டுத் தட்டுவார். குழந்தையைத் தொட்டிலில் போட்டுத் தட்டுகிற மாதிரி. யார் தொடங்கினார்கள் என்று யாருக்கும் தெரியாது. நான் சேர்ந்த முதல் மாதம் ஒரு கிழவர் சொல்லிக் கொடுத்தார். "புள்ளைய தூங்க வெச்சாச்சா?" என்று கேட்டால் வேலை முடிந்தது என்று பொருள். முடிந்த நுரையைத் தொடக் கூடாது என்று சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. அந்த அறிவிப்புக்குக் கீழே நின்றுதான் தட்டுவோம்.

நுரையின் மேல்தோல் அப்படியே இருக்கும், அழுத்தினால் அடியில் இருக்கிற குட்டிக் காற்றறைகள் நசுங்கும் என்று பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாதாம்.

எவ்வளவு பலமாகத் தட்டினேன்? அந்த வருஷம்தான் நோலன் போயிருந்தான். வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் பட்டறையிலேயே கிடந்த காலம். கொஞ்சம் அதிக நேரம் கையை வைத்திருந்தேனோ? சாய்ந்துகொண்டேனோ?

கிளோவிஸ் தப்பித்தான். அந்தத் தாளில் அவன் முத்திரை இல்லை. அவன் மேல் பொறாமையாக இருக்கிறது, அம்மாவைப் புதைத்த வாரத்துக்காக. என்ன ஜென்மம் நான்.

மார்ச் 4 — செவ்வாய்

மார்டி கிரா திருவிழா. ஊரே தெருவில் இருக்கிறது. ஊர்வலத்து மேளம் கேட்டது, ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

மார்ச் 12 — புதன்

மளிகைக் கடையில் அடையாள அட்டையைக் கழற்ற மறந்துவிட்டேன். வரிசையில் பின்னால் நின்றவன் அதைப் படித்துவிட்டு, "அந்த டேங்க் ஃபேக்டரியா நீங்க?" என்றான். ஆமாம் என்றேன். "ரேடியோவுல சொல்றானுங்க. உள்ளேர்ந்தே எவனோ வேணும்னே பண்ணியிருக்கான்னு. காசு வாங்கிட்டு. உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?" சிரித்துக்கொண்டேதான் கேட்டான். வானிலை கேட்கிற மாதிரி.

கூடையை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். வேணும்னேவாம். நான் வேணும்னே தட்டலடா பாவி. ஆசையாத் தட்டினேன்.

மார்ச் 16 — ஞாயிறு

ராய்ஸ் புதுக் காகிதக் கட்டோடு வந்தான். ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டுவது அவன் வழக்கம். மூன்றாவது காகிதத்தில் நாலு வரி வாசித்தவன் நிறுத்திவிட்டான். மடித்தான், இன்னும் மடித்தான், சட்டைப் பையில் போட்டான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல. இது முட்டாப்பய எழுதினது."

"மத்ததெல்லாம் அறிவாளிங்க எழுதினதா?"

மளிகைக் கடை வரிசையில் நின்றவன் சொன்னதுதான் அதில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். கதைக்கு ஒரு துரோகி வேண்டும். வானத்திலிருந்து தேடிக்கொண்டே வந்து கடைசியில் எங்கள் பட்டறை வாசலில் இறங்கியிருக்கிறார்கள். மீன் வறுத்தேன், நோன்புக் காலம். சாப்பிட்டுவிட்டுப் போனான்.

ஏப்ரல் 9 — புதன்

இன்று என்னை விசாரித்தார்கள்.

போகும் முன் வக்கீல் சொன்னார்: "கேட்டதுக்கு மட்டும் பதில். கேக்காததை நீங்களா எடுத்துக் குடுக்காதீங்க." அவரும் என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். விசாரணைக் குழுவிலிருந்து வந்தவர் பெயர் எல்வுட். ஒல்லி. டேங்குகளைப் பற்றி நிறையத் தெரிந்தவர், ஆனால் ஊதினவர் இல்லை. நுரை ஊதுகிற துப்பாக்கியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று கேட்டார். இரண்டு மணி நேரம் கேட்டார். ஈரப்பதம், நேரம், கத்தி, அடுக்கு. எல்லாவற்றுக்கும் சொன்னேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, போகிற போக்கில் கேட்டார்:

"சோதனைக்காரர் முத்திரை குத்தினதுக்கு அப்புறம் யாரும் அதைத் தொடல, இல்லையாம்மா?"

தொடல என்று சொன்னால் முடிந்தது. அவரே பதிலையும் கேள்விக்குள் வைத்துக் கொடுத்துவிட்டார். எழுந்து வந்திருக்கலாம்.

"தொட்டேன்" என்றேன்.

வக்கீலின் நாற்காலி கிறீச்சிட்டது.

"எப்படி?"

மேஜையில் தட்டிக் காட்டினேன். இரண்டு தடவை. இன்னொரு தடவை காட்டச் சொன்னார். பிறகு அவரும் தட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தே. "எதுக்காகத் தட்டுவீங்க?"

"தூங்க வைக்கறதுக்கு."

அவர் சிரிக்கவில்லை. பென்சிலை எடுத்து எழுதிக்கொண்டார். நான் மட்டும்தான் தட்டுவேனா என்று கேட்டார். அந்த டேங்கில் தட்டினது நான்தான் என்றேன். அதைக் கேட்கவில்லை என்றார். வக்கீல் இன்றைக்கு இது போதும் என்றார்.

வெளியே வந்தபோது உடம்பு லேசாக இருந்தது. அது பத்து நிமிஷம்தான் இருந்தது.

ஏப்ரல் 10 — வியாழன்

காலையில் கையுறை மாட்டுகிற இடத்தில் கிளோவிஸ் காத்திருந்தான். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவன் என்னிடம் பேசின பேச்சு இது:

"சொல்லிட்டியாமே."

"கேட்டாங்க. சொன்னேன்."

"நீ பாட்டுக்குப் போய் மனசுல இருக்கறதைக் கொட்டிட்டு வந்துட்ட. இங்க இருக்கறவங்கள ஒரு நிமிஷம் நெனச்சியா?"

"நான் என்னைத்தான் சொன்னேன் கிளோவிஸ். வேற யார் பேரும் சொல்லல."

"அதான். உன்னைத்தான் நெனச்ச."

போய்விட்டான். முகம் சிவந்திருந்தது. பதினாறு வருஷத்தில் அவன் என்னைத் திட்டியிருக்கிறான், சண்டை போட்டிருக்கிறான், ஒருமுறை கத்தியை வீசி எறிந்திருக்கிறான். இப்படி ஒரு நாளும் பார்த்ததில்லை.

ஏப்ரல் 16 — புதன்

பத்திரிகையில் வந்துவிட்டது. "பெயர் சொல்ல விரும்பாத அதிகாரி" சொன்னாராம்: தொழிலாளர்களின் கவனக்குறைவான கைப்பழக்கங்கள் ஆராயப்படுகின்றன. கவனக்குறைவு! பெயர் சொல்ல விரும்பாதவருக்கு என் கையைப் பற்றிச் சொல்ல மட்டும் விருப்பம். மேலிடத்தில் எத்தனை பேர் அந்தப் படத்தைப் பார்த்தார்கள், துண்டு விழுந்ததைப் பார்த்தார்கள், ஓடம் இறங்கப் பதினாறு நாள் இருந்ததே? அதெல்லாம் கவனமா?

பட்டறையில் எல்லோரிடமும் அந்தப் பத்திரிகை. என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் உள்ளே நுழைந்தால் மடித்து வைக்கிறார்கள்.

ஏப்ரல் 18 — பெரிய வெள்ளி

வருஷா வருஷம் கிளோவிஸ் வீட்டு முற்றத்தில் எல்லோருமாகக் கிராஃபிஷ் என்கிற நன்னீர் இறால் அவிப்போம். நீள மேஜையில் செய்தித்தாளை விரித்து மலை மாதிரி கொட்டி, கையெல்லாம் காரம். இந்த வருஷமும் அவித்திருப்பார்கள். என்னைக் கூப்பிடவில்லை.

இரண்டு பவுண்டு வாங்கி வந்து தனியாக அவித்தேன். தனியாக உரித்துத் தின்கிற பண்டமே இல்லை அது. பாதிக்கு மேல் முடியவில்லை.

மே 21 — புதன்

இன்று வேலையில் நான் பேசின வார்த்தைகளை எண்ணினேன். ஒன்பது. அதில் நாலு "சரி".

ஜூன் 13 — வெள்ளி

விசாரணைக்காரர்கள் கிடங்கில் இருக்கிற பழைய டேங்கின் சரிவை வெட்டி வெட்டி எடுக்கிறார்கள். அதுவும் நான் ஊதினது. பிரேதப் பரிசோதனை அறைக்கு வெளியே நிற்கிற மாதிரி கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். ஃபெரல் வந்து போகச் சொன்னார்.

ஜூலை 7 — திங்கள்

என் வீட்டு ஏசி நின்றுவிட்டது. ராய்ஸ் வந்து ஜன்னல் பெட்டியைப் பிரித்துப் போட்டிருந்தான். வெயில் கொளுத்துகிறது. டிவி ஓடிக்கொண்டிருந்தது.

டெக்சஸில் ஒரு சோதனை செய்திருக்கிறார்கள். ஒரு பீரங்கியில் நுரைத் துண்டை வைத்து, உண்மையான இறக்கைப் பலகை மேல் சுட்டார்கள், அன்றைக்கு விழுந்த அதே வேகத்தில். பெரிய ஓட்டை. ஒரு ஆள் தலையை விட்டுப் பார்க்கலாம். கூட்டத்தில் இருந்தவர்களே ஐயோ என்று கத்துகிறார்கள்.

ராய்ஸ் கையில் திருப்புளியோடு நின்றான். மறுபடி போட்டுக் காட்டினார்கள். மறுபடி ஓட்டை. அவன் திருப்புளியை வைத்துவிட்டு வெளியே போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டான். நானும் பின்னாலேயே போய்ப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். உள்ளே அடுப்பு மாதிரி இருந்தது.

"அந்தக் காகிதமெல்லாம் எங்க வெச்சிருக்க?" என்றான்.

"இழுப்பறையில. எதுக்கு?"

"கொளுத்திப்புடறேன்."

"ஊதாக் கோடு?"

"கோடும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது." ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினான். "நான் நம்பினேனான்னு கேக்காதக்கா. எனக்கே தெரியல. நீ அன்னிக்கு ஃபோன்ல மூச்சு விட்டியே, அதைக் கேட்டேன். வேற எவனாவது பண்ணினதா இருக்கணும்னு தேட ஆரம்பிச்சேன். எவனா இருந்தாலும் சரின்னு."

அவனைக் கட்டிக்கொண்டேன். ஐம்பது வயசு ஆள், இறால் நாற்றம், வியர்வை. இரண்டு பேரும் அழுதோம். பிறகு, "சாப்பிட்டியாக்கா நீ?" என்றான். இல்லை என்றேன். உறைபெட்டியிலிருந்து ஒரு திங்கட்கிழமையை எடுத்துச் சூடுபண்ணினோம்.

என்னை விட்டுப் பழியைத் தள்ள இந்த உலகத்தில் முயன்றது அவன் ஒருவன்தான். அவனும் இன்றோடு கைவிட்டுவிட்டான். இனிமேல் நானும் அந்த ஓட்டையும்தான்.

ஆகஸ்ட் 26 — செவ்வாய்

அறிக்கை வந்துவிட்டது. நுரைதான் காரணம். கூடவே பெரிய அலுவலகங்களின் பழக்கங்களும் காரணம் என்று நிறையப் பக்கம் எழுதியிருக்கிறார்கள். நூலகத்தில் உட்கார்ந்து என் கையைத் தேடினேன். நான் தேடின வரை இல்லை. தட்டினதும் இல்லை, தூங்க வைத்ததும் இல்லை.

மறைக்கிறார்கள். தொழிலாளி மேல் பழி போட்டால் ஊர் சிரிக்கும் என்று விட்டுவிட்டார்கள். இல்லை, அந்த எல்வுட் என் மேல் இரக்கப்பட்டுப் பக்கத்தை எடுத்திருப்பார். ஏதோ ஒன்று.

இதை எழுதிவிட்டு இரண்டாம் தடவை படித்தேன். ராய்ஸ் எழுதினது போலவே இருக்கிறது. ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தானே. அரசாங்கம் என்னைக் குற்றம் சொன்னபோது அவன் நம்பவில்லை, மன்னிக்கிறபோது நான் நம்பவில்லை.

செப்டம்பர் 9 — செவ்வாய்

எல்வுட் வந்தார். யாரும் கூப்பிடாமல், தானாகக் கேட்டுக்கொண்டு வந்தாராம். பெரிய கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்தார்கள், நூற்றைம்பது பேர் இருப்போம். என் இரண்டு பக்கத்திலும் நாற்காலி காலி. அது பழகிவிட்டது.

வக்கீல்களை வெளியே இருக்கச் சொன்னார். அவர்கள் முறைத்துக்கொண்டே போனார்கள்.

"இந்தப் பட்டறையில ஒரு பழக்கம் இருக்குன்னு எங்கிட்ட ஒருத்தங்க சொன்னாங்க" என்று தொடங்கினார். எல்லோரும் என்னைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். "தூங்க வைக்கறது. அதையும் சோதிச்சுப் பார்த்தோம். பலகைங்க மேல நுரை ஊதி, வெறுங்கையால தட்டினோம். நானூறு தடவை. பாதி நானே தட்டினேன், மெதுவா, பலமா, கையை ஊணிச் சாஞ்சும் பார்த்தேன். அப்புறம் எல்லாத்தையும் வெட்டிப் பார்த்தோம். ஒண்ணும் ஆகல."

அவர் தொடர்ந்தார்.

"கோளாறு உள்ள இருக்கு. அந்தச் சரிவுல அடுக்கு மேல அடுக்கா ஊதும்போது நடுவுல காத்து மாட்டிக்குது. மோசமா ஊதினா மாட்டுதுன்னு நெனச்சோம். இங்க இருக்கற கெட்டிக்காரங்களை வெச்சு, வேலைத்தாள்ல இருக்கறபடி ஒரு புள்ளி பிசகாம ஊதச் சொன்னோம். அப்பவும் மாட்டுது. நீங்க செய்யச் சொன்னதைத்தான் செஞ்சீங்க. சொன்னது தப்பு. எழுதினது எங்களை மாதிரி ஆளுங்க. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

நான் நம்பவில்லை. ஆறுதலுக்காகச் சொல்கிறார், நல்ல மனிதர், என்று நினைத்துக்கொண்டேன். அவர் எங்கள் முகங்களைப் பார்த்தார். யார் முகத்திலும் ஒரு மாற்றமும் இல்லை போலிருக்கிறது.

"சரி, நான் ஒண்ணு கேக்கறேன்" என்றார். "இந்த ஏழு மாசத்துல, 'இது நடந்தது என்னாலதான்'னு மனசுக்குள்ள வெச்சுக்கிட்டு இருந்தவங்க, கையைத் தூக்குங்க."

எனக்கென்ன, ஊருக்கே தெரிந்ததுதானே. தூக்கினேன். தனியாகத் தூக்கிக்கொண்டு யார் முகத்தையும் பார்க்க முடியாமல் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்வுட் அடுத்து ஏதாவது பேசுவார் என்று காத்திருந்தேன். பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

நிமிர்ந்து பார்த்தேன்.

எல்லாக் கையும் மேலே இருந்தது. ஊதுகிறவர்கள், சீவுகிறவர்கள், கலவை போடுகிறவர்கள், சோதனைக்காரர்கள். கிரேன் ஓட்டுகிற பெண். கத்தி எடுத்துக் கொடுக்கிற ஸ்டோர்காரன். பத்திரிகையை மடித்து மடித்து வைத்தவர்கள் அத்தனை பேரும். ஃபெரல், சுவரோரமாக, கண்ணை மூடிக்கொண்டு. கடைசி வரிசையில் மிஸ் ஆக்டேவியா, ஒரு கையில் துடைப்பம், இன்னொரு கை மேலே.

கூட்டம் முடிந்ததும் மிஸ் ஆக்டேவியாவிடம் போய், "நீங்க எதுக்குத் தூக்கினீங்க?" என்றேன்.

"நான்தானேம்மா பெருக்கறேன். தூசியைக் கிளப்பி நுரைக்குள்ள விட்டிருப்பேன்னு நெனச்சேன். அன்னிலேர்ந்து பெருக்கறதே இல்ல, முட்டி போட்டு ஈரத் துணியாலதான் துடைக்கறேன். முட்டி ரெண்டும் போச்சு." துடைப்பத்தைக் காட்டினார். "இது சும்மா, ஃபெரல் கண்ணுக்கு."

யாரோ என் பின்னால் நிற்பது தெரிந்தது. கிளோவிஸ்.

"நீ எதுக்குடா தூக்கின? அந்தத் தாள்ல உன் முத்திரையே இல்லையே."

"அதுக்குத்தான்" என்றான். "நான் அங்க இல்ல. இருந்திருந்தா பார்த்திருப்பேன், ஏதாவது தெரிஞ்சிருக்கும்னு..." கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"என் மேல கோவம்னு நெனச்சேன்."

"கோவம்தான். நீ போய்ச் சொல்லிட்டு வந்துட்ட. எனக்குச் சொல்றதுக்கு என்ன இருந்துச்சு? லீவுல இருந்தேன்னா?"

அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். நூற்றைம்பது பேர், ஒரே கூரை, ஒவ்வொருவரும் தான் ஒருவர்தான் காரணம் என்று. எல்வுட் சொன்னதை அப்போதுதான் கொஞ்சம் நம்ப ஆரம்பித்தேன். இத்தனை பேராலும் அது ஆகியிருக்க முடியாதே.

செப்டம்பர் 10 — புதன்

மதியம் மூன்று மேஜையை ஒன்றாக இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். அந்த டேங்கைப் பற்றித்தான் பேச்சு. மணி அடித்தது, யாரும் எழுந்திருக்கவில்லை. ஃபெரல் விரட்ட வந்தார், நாற்காலியை இழுத்துப் போட்டு அவரும் உட்கார்ந்துவிட்டார். பேசிப் பேசிக் குரலே போய்விட்டது எனக்கு.

இன்றைக்கு எழுத ஒன்றும் இல்லை. எல்லாம் பேசியாகிவிட்டது.